கால் கிரவுண்டுத் தோட்டமும் ஒரு கண்ணாடிக் கதவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் இன்றைய பொருளை 'ஹைக்கூவும் மன அமைதியும்' என்று போட்டிருக்கிறார்கள். அதில் முதல் சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. மன அமைதியைப் பற்றிச் சந்தேகம்தான் உண்டு. அந்தச் சந்தேகத்தையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்கிறேன், அமைப்பாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல் இப்போது கைப்பேசிச் செயலி வரை வந்துவிட்டது. கண்ணை மூடு, மூச்சைக் கவனி, ஒரு பூவைப் பார், அதைப் பற்றி மூன்று வரி எழுது, மனம் லேசாகும் என்கிறார்கள். ஆகட்டும். மனம் லேசாவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சுற்றியிருப்பதை நாள்தோறும் பார்த்து எழுதுவதையே ஹைக்கூவின் வழியாக வகுத்துக் கொடுத்த மனிதர், அந்த வேலையைச் செய்த ஆண்டுகளில் பாதித் தெருவுக்குக் கேட்கும்படி வலியில் கத்திக்கொண்டிருந்தார். அவர் மசவோகா ஷிகி. இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஷிகி 1867இல் ஷிகோகு தீவின் மத்சுயாமாவில், சாமுராய் மரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இறந்தது 1902 செப்டம்பர் 19, தோக்கியோவில். முப்பத்து நான்கு வயதுதான். 1889இல் இருமலில் ரத்தம் வந்தது, காசநோய். ரத்தம் கக்கும் வரை கூவும் என்று ஜப்பானியர் சொல்லும் குயிலினப் பறவை ஒன்று உண்டு. அதன் பெயர்களில் ஒன்றைத் தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். ஷிகி என்பது அதுதான். இருபத்தோரு வயதுப் பையனின் நாடகத்தனம் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பின்னால் வந்த ஷிகியிடம் அந்த நாடகத்தனம் கிடையாது.

பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமல் விட்டுவிட்டு, 'நிப்பான்' என்ற நாளிதழில் 1892இல் சேர்ந்தார். மறுவருடமே ஹைக்கூவின் மூதாதையான பாஷோவின் மேல் கை வைத்தார். பாஷோ எழுதியவற்றில் பெரும்பகுதி தேறாது, நல்லவை கொஞ்சம்தான் என்று எழுதினார். அந்தக் காலத்தில் பாஷோவுக்குக் கோயிலே இருந்தது, கும்பிட ஆளும் இருந்தது. அப்படிப்பட்டவரைப் போய் இப்படிச் சொல்வதா என்று ஊரே கொதித்தது. பிறகு, அதிகம் பேர் பொருட்படுத்தாமல் இருந்த பூசன் என்ற பழைய கவிஞரை 1897இல் தொடர் கட்டுரைகள் எழுதி மேலே கொண்டுவந்தார். பூசன் ஓவியர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஷிகி கண்டுபிடித்த வழியும் ஓவியத்திலிருந்து வந்ததுதான். 1894இல் ஒரு பத்திரிகைக்குப் படம் போட ஆள் தேடியபோது நகாமுரா ஃபுசெத்சு என்ற இளம் ஓவியர் கிடைத்தார். மேலைநாட்டு முறையில் பயின்றவர். ஜப்பானிய ஓவியமே உயர்ந்தது என்று ஷிகி அவரோடு மல்லுக்கு நிற்க, அவர் விட்டுக்கொடுக்காமல் வாதாட, கடைசியில் ஷிகிதான் மாறினார். எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து அப்படியே கோடு இழுக்கும் ஓவியப் பயிற்சியை ஹைக்கூவுக்கு மாற்றினால் என்ன? அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு நோட்டுப்புத்தகமும் பென்சிலுமாக நெகிஷிப் பக்கத்து வயல்வெளிகளில் சுற்றினார். அப்போது நெகிஷி தோக்கியோவின் ஓரம். வரப்பு, வாய்க்கால், அறுவடை முடிந்த வயல், வெட்டுக்கிளி. கண்ணில் பட்டதை நின்ற இடத்திலேயே எழுதினார். அந்த நடையில்தான் தனக்கு வழி புலப்பட்டது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இந்த வழிக்கு ஜப்பானியத்தில் 'ஷசேய்' என்று பெயர். உயிரோடு இருப்பதைப் பார்த்து வரைவது. பெயரைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம். நடை முக்கியம். அந்த நடை ஒரு வருடத்தில் நின்றுபோனது.

1895இல் சீன-ஜப்பானியப் போருக்குச் செய்தியாளராகப் போனார். போய்ச் சேர்வதற்குள் போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. திரும்பும் கப்பலில் ரத்தம் கக்கினார். கோபேயில் மருத்துவமனை. பிறகு சொந்த ஊரில், ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த நண்பர் நத்சுமே சோசெகி குடியிருந்த வீட்டில் 52 நாள். அடுத்த ஆண்டு நோய் முதுகெலும்பில் இறங்கியிருப்பது தெரிந்தது. அதன் பின்னான ஆறேழு வருடமும் நெகிஷி வீட்டின் ஓர் அறை. நடுவில் எப்போதாவது கைரிக்ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கடைசியில் அதுவும் இல்லை. உடன் இருந்தவர்கள் தாயார் யாயே, தங்கை ரித்சு.

அந்த அறையை இப்போது கொஞ்சம் பார்ப்போம். வீடு 1945 விமானத் தாக்குதலில் எரிந்தது, பிறகு பழைய வடிவிலேயே கட்டினார்கள். அங்கே ஒரு தாழ்ந்த எழுதுமேசை இருக்கிறது. மேசைப் பலகையின் ஓரத்தில் ஒரு சதுரத் துண்டை வெட்டி எடுத்திருப்பார்கள். ஷிகியால் இடது காலை நீட்ட முடியாது. மடக்கிய முழங்கால் நட்டுக்கொண்டே இருக்கும். அந்த முழங்கால் நுழைவதற்கு வெட்டிய இடம் அது. ஒரு மனிதன் எழுதுவதற்காக மேசை தன் உடம்பை மாற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு அந்த மேசைக்கு முன்னால்கூட உட்கார முடியாமல், மல்லாந்து படுத்தபடி எழுதினார்.

அறைக்குத் தெற்கே தோட்டம். 'இருபது த்சுபோ' என்று அவரே கணக்குச் சொல்கிறார். நம் கணக்கில் 700 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் கால் கிரவுண்டுக்குச் சற்றுக் கூட. ஆனால் அறைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் காகிதம் ஒட்டிய சட்டக் கதவுகள். வெளிச்சம் வரும், காட்சி வராது. குளிர்காலத்தில் அதைத் திறந்து வைக்கவும் முடியாது, காசநோயாளி. 1896இல் எழுதிய பாட்டு ஒன்று வெளியே பெய்யும் பனியைப் பற்றியது. அதில் பனியை அவர் பார்க்கவில்லை. எவ்வளவு ஆழம் விழுந்திருக்கிறது என்று வீட்டுக்காரர்களைத் தொணதொணத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் பாட்டு. அதில் துயரம் என்ற சொல் இல்லை.

1899 டிசம்பரில் சீடர் தகாஹாமா கியோஷி அந்தக் காகிதக் கதவுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தார். கண்ணாடி அன்று மலிவான சரக்கு இல்லை. ஜப்பானிய இலக்கியத்தில் பெரிய கொடைகள் பல உண்டு. என் மனதில் முதலிடம் இந்தக் கண்ணாடிக்குத்தான். படுத்த இடத்திலிருந்து செடி தெரிந்தது, பறவைக்கூண்டு தெரிந்தது, மழை தரையில் விழுவது தெரிந்தது. ஷிகி சின்னப் பையனைப் போலக் குதூகலித்திருக்கிறார்.

அடுத்த செப்டம்பரில், அதாவது 1900இல், வீட்டில் கூடிய கவிஞர் கூட்டத்தில் ஒரு பாட்டு வைத்தார். தோட்டத்துக் கோழிக்கொண்டைப் பூச்செடிகள் எத்தனை இருக்கும் என்று மட்டும் சொல்லும் பாட்டு. அதுவும் ஒன்று கூடலாம் குறையலாம் என்கிற தயக்கத்தோடு. கூடியிருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941இல் ஷிகியின் தேர்ந்தெடுத்த பாடல்களைத் தொகுத்த கியோஷி, கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்த அதே கியோஷி, அந்தக் கதவு வழியே கண்ட இந்தப் பாட்டைச் சேர்க்கவில்லை. ஆனால் சைத்தோ மொகிச்சி போன்ற, தன்கா என்ற குறும்பாட்டு வகையை எழுதிய கவிஞர்கள் அதைத் தலைமேல் தூக்கி வைத்தார்கள். போருக்குப் பின் இந்த ஒரு பாட்டை வைத்துப் பெரிய விவாதமே நடந்தது. ஏழெட்டுச் செடி என்று மாற்றினால் என்ன கெட்டுவிடும், கோழிக்கொண்டைக்குப் பதில் வேறு பூவைப் போட்டால் என்ன என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. வகுப்பில் ஒரு மாணவர் கேட்டால் எளிதாகப் பதில் சொல்ல முடியாது.

எனக்குத் தோன்றும் பதில் இது. எழுந்து போகக் கூடியவன் செடியை எண்ணிப் பார்த்துவிட்டுச் சரியான எண்ணைச் சொல்லிவிடுவான். தலையைத் தூக்க முடியாதவனுக்கு ஒரு செடியின் பின்னால் இன்னொரு செடி மறைந்திருக்கும். அந்தச் சந்தேகத்தில்தான் படுத்திருப்பவனின் இடம், உயரம், கோணம் எல்லாம் இருக்கின்றன. 'நான்' என்று சொல்லாமலே தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இதைப் புனைய முடியாது. பார்த்தால்தான் வரும். நோயாளி என்ற செய்தி தெரியாதவருக்கும் இந்தப் பாட்டு இதே அளவுக்குப் பேசுமா என்று கேட்டால், பேசாது என்றே நினைக்கிறேன். அது ஒரு குறை என்று வாதிடுபவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

இனி மன அமைதிக்கு வருவோம்.

1901 செப்டம்பரிலிருந்து ஷிகி வெளியிடும் எண்ணமில்லாமல் ஒரு குறிப்பேடு எழுதினார். மல்லாந்து கிடந்தபடி எழுதியது. மூன்று வேளையும் என்ன தின்றார், எத்தனை கிண்ணம், கட்டு மாற்றியது எப்போது, வயிறு எப்படி என்று ஒன்று விடாமல் இருக்கிறது. வீட்டில் இருந்த காசுக்கு மிஞ்சிய தீனி. மீன், பழம், பால், இனிப்பு ரொட்டி என்று அடுக்கிக்கொண்டே போகிறார். படிக்கும்போது நமக்கே மூச்சு முட்டும். அதே ஏட்டில் தங்கையைத் திட்டுகிறார். கல்நெஞ்சுக்காரி, கட்டளை போட்டால்தான் செய்வாள், எனக்கு இன்னது தின்ன ஆசை என்று ஜாடையாகச் சொன்னால் காதில் வாங்கமாட்டாள் என்று பொருமுகிறார். சீழ் வடியும் புண்களைத் தினமும் துடைத்துக் கட்டு மாற்றியது அந்தத் தங்கைதான். அவள் ஒரு நாள் இல்லாவிட்டால் வீடு நின்றுபோகும் என்பதும் அதே ஏட்டில் இருக்கிறது. சமையல்காரி, தாதி, எழுத்தர் எல்லாம் அவளே என்று கணக்காக எழுதியிருக்கிறார். கணக்கு சரி. நன்றியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கூர்ந்து பார்ப்பவன் நல்லவனாகிவிடுவான் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

அந்த அக்டோபரில் ஒரு நாள் தாயாரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தபோது, இனி இந்த உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. போராடி அந்த நேரத்தைத் தாண்டினார். தாயார் திரும்பி வந்தார். பிறகு அந்த நாளை அவர் குறிப்பேட்டில் எழுதினார். மறைக்கவில்லை, அழகுபடுத்தவுமில்லை. தன் பயத்தைக்கூடச் செடியைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்திருக்கிறார். எது பயம்? சாவா, வலியா, சாகத் தெரியாமல் அரைகுறையாகப் பிழைப்பதா? பிரித்துப் பார்க்கிறார். இதை அமைதி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கவனம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1902 மே 5ஆம் தேதி 'ஆறடிப் படுக்கை' என்ற தொடரை 'நிப்பான்' இதழில் தொடங்கினார். இந்த ஆறடிதான் தன் உலகம், அதுவும் தனக்கு அதிகப்படி என்பது தொடக்கம். செப்டம்பர் 17 வரை 127 பகுதிகள். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வரை. நோயாளிக்கு ஓய்வு கொடுப்போம் என்று நினைத்துப் பத்திரிகையில் ஒரு நாள் அவர் பகுதியை நிறுத்தினார்கள். துடித்துப்போய்விட்டார். காலையில் பத்திரிகையில் தன் எழுத்தைப் பார்ப்பதுதான் தன் உயிர், அதைப் பறிக்காதீர்கள் என்று எழுதி வாங்கினார். நூறாவது பகுதியில் உறைகளின் கணக்கு வருகிறது. கையெழுத்துப் பிரதி அனுப்புவதற்காகப் பத்திரிகை முகவரி அச்சிட்ட 300 உறைகள் கேட்டு வாங்கியிருந்தார். நூறு தீர்ந்தது, இருநூறு மிச்சம். இருநூறு நாள் என்றால் ஆறேழு மாதம், அதற்குள் ப்ளம் மரம் பூத்துவிடும், பார்ப்பேனா என்று கேட்கிறார். எஞ்சிய ஆயுளை உறைகளால் எண்ணியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்த ஆகஸ்டில் மார்ஃபின் போட்டுக்கொண்டு வலி மட்டுப்பட்ட நேரத்தில் பழங்களையும் பூக்களையும் வண்ணத்தில் வரைந்தார். மார்ஃபின் போட்டுக்கொண்டு வரைவதுதான் அன்றைய மகிழ்ச்சி என்று பத்திரிகையிலேயே எழுதினார். ஆக, படம் வரைந்து வலி தீரவில்லை. மருந்தால் வலி தணிந்த பிறகு படம் வரைந்தார். இந்த வரிசையை மாற்றிச் சொல்வதுதான் இன்றைய மன அமைதி வியாபாரம். கவனிப்பது மருந்தா என்றால் ஷிகியின் வாழ்க்கை 'இல்லை' என்கிறது. பிறகு எதற்கு என்றால், வலியைத் தவிர இன்னொன்றும் அந்த அறையில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. பீர்க்கு இருந்தது, கோழிக்கொண்டை இருந்தது, பக்கத்து வீட்டுச் சத்தம் இருந்தது. தன்னைப் பற்றி மட்டுமே நினைக்க எல்லா நியாயமும் இருந்த ஒருவர், தினமும் சில நிமிடம் தான் அல்லாத ஒன்றைச் சரியாகச் சொல்லப் பாடுபட்டார்.

பீர்க்கு என்றேனே, அது உடம்பு தேய்க்க நார் எடுக்கும் வகை. நிழலுக்காகப் பந்தல் போட்டு ஏற்றியிருந்தார்கள். கொடியை வெட்டி வடியவிடும் நீர் சளிக்கு மருந்து என்பது அந்த ஊர் வைத்தியம். கடைசியாக எழுதிய மூன்று பாட்டும் அந்தப் பீர்க்கு பற்றித்தான். செப்டம்பர் 18 காலையில், பலகையில் பொருத்திய தாளை மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, தூரிகையால் எழுதினார். நள்ளிரவு தாண்டி இறந்தார். ஜப்பானில் அவர் நினைவுநாளைப் பீர்க்கின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

தமிழுக்கு ஹைக்கூ வந்த கதையை இந்த அவையில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1916இல் பாரதி, கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ'வில் யோனே நோகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' என்று தொகுப்புகள் வந்தன. பிறகு வெள்ளம். சங்கப் பாட்டோடு ஒப்பிடும் வழக்கமும் உண்டு, அதற்குள் இன்று போகவில்லை, போனால் இரவாகிவிடும். என் குறை ஒன்றே ஒன்று. நம் ஹைக்கூவில் பெரும்பாலும் முதல் இரண்டு வரி பீடிகை, மூன்றாவது வரி குட்டு. மேடையில் வாசித்தால் கைதட்டல் விழும். வரதட்சணை, அரசியல்வாதி, முதியோர் இல்லம் எல்லாம் குட்டு வாங்கியாகிவிட்டது. நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு யாரும் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்தே எழுதலாம்.

ஒரு பட்டறையில் ஒரு மாணவி எழுதிக் காட்டியது, அவர் அனுமதியோடு:

துணிக்கொடியில்
தனிமையில் வாடுகிறது
ஒற்றைச் சட்டை.

சட்டைக்குத் தனிமை ஏது? விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டு நினைப்பு. அதில் தப்பில்லை. மாடிக்குப் போய் அந்தக் கொடியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார், நல்ல வெயில். திரும்பி வந்து எழுதியது:

கொடிமேல் எறும்புச் சாரை
ஈரச் சட்டையின் தோள்வரை வந்து
திரும்பி நடக்கிறது.

இரண்டாவதில் வீட்டு நினைப்பு காணாமல் போய்விட்டதா? எனக்கு அது இன்னும் கேட்கிறது. உங்களில் சிலருக்குக் கேட்காமலும் இருக்கலாம். ஆனால் எறும்பு உண்மை. பிழிந்து போட்ட சட்டையில் தோள்தான் கொடியை நனைக்கும், அங்கேதான் எறும்பு திரும்பும். அதை அவர் கற்பனையில் பிடித்திருக்க முடியாது. ஷிகியே கற்பனை வேண்டாம் என்று சொன்னவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பூசனின் கற்பனையை ரசித்தவர், தானும் கொடுத்த தலைப்புக்கு எழுதியவர். தொடங்குபவனுக்குப் பார்வைதான் பிடிமானம், அவ்வளவே.

இந்தப் பயிற்சி தனியாள் பயிற்சி இல்லை என்பது கடைசிச் செய்தி. ஷிகியின் அறையில் நடந்த கூட்டங்களின் முறை, இன்றும் ஜப்பான் முழுக்க நடப்பது, மிகவும் புத்திசாலித்தனமானது. ஆளுக்குச் சில துண்டுத்தாள். ஒரு தாளில் ஒரு பாட்டு, பெயர் கிடையாது. எல்லாவற்றையும் கலக்கிப் பிரித்துக் கொடுப்பார்கள். கைக்கு வந்ததை ஒவ்வொருவரும் வேறு தாளில் நகல் எடுப்பார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது. நகல்கள் சுற்றிவரும். தன் பாட்டை விட்டுவிட்டு மற்றதில் பிடித்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாசிக்கும்போது தேர்வான பாட்டுக்குச் சொந்தக்காரர் தன் பெயரைச் சொல்வார். தேர்வாகாதவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குருவின் பாட்டு யாருக்கும் பிடிக்காமல் போவதும், நேற்று வந்தவர் பாட்டைக் குரு தேர்ந்தெடுப்பதும் நடக்கும். குருவான ஷிகியின் கோழிக்கொண்டைப் பாட்டும் அப்படித்தான் பெரிதாக எடுபடாமல் போனது.

நம் கவியரங்கில் இதைச் செய்து பார்த்தால் என்ன என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன். துறைத்தலைவர் உடனே சம்மதித்துவிட்டார். ஆகவே கேள்வி நேரத்துக்குப் பதிலாக இது. வாசலில் துண்டுத்தாள் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு மூன்று. தேநீர் குடித்துக்கொண்டே இருபது நிமிடம் வளாகத்தைச் சுற்றி வாருங்கள். இந்த வளாகத்தில் இன்று பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். அம்மா, நிலா, மழலை மூன்றுக்கும் இன்று விடுமுறை. பேராசிரியர்களும் எழுத வேண்டும், நானும் எழுதுகிறேன். நகல் எடுக்கத் தெளிவான கையெழுத்து உள்ள நாலு மாணவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள். தாளில் பெயர் போட்டுவிடாதீர்கள்.